செவ்வாய்க்கிழமைக் குரல்

ஜிப் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் அக்கா. வாசலில் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டும் வாட்ச்மேன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். செக்கிங் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. நீள மேசைகளில், தலைக்கு மேல் தொங்கும் விளக்குகளின் கீழே, பதினாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு ஜிப்பையும் மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பார்கள். பல் பிடிக்காதது, பாதியில் சிக்குவது, துணி ஓரம் பிசிறு விட்டது எல்லாம் சிவப்புக் கூடைக்குப் போகும். வாரத்துக்கு நூற்றுக்கு எத்தனை சிவப்புக் கூடைக்குப் போயிற்று என்று எண்ணிச் சொல்வது அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி உண்டு. பன்னிரண்டு வயது இளையவள். சின்னவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா போய்விட்டாள்; அப்பா அதற்கும் முன்பே. அதன்பிறகு அக்காவுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே வீட்டில் எழாமல் நின்றுவிட்டது. அதில் அவளுக்குப் பெரிய மனக்குறை எதுவும் கிடையாது. இரண்டு அறை வீடு, இரண்டு பேர், பேசிப் பேசியும் தீராத பேச்சு. படிப்பு முடிந்ததும் சின்னவளும் அதே தொழிற்சாலையில் அலுவலகப் பக்கம், செக்கிங் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். உட்கார ஒரு இடம்தான் கிடைத்தது என்றால், அதில் யார் உட்காருவது என்று இறங்கும் வரை தகராறு.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் கேட்டார்கள். அது கடலுக்கு அந்தப் பக்கம், வேறு தேசம். சின்னவள் பெயர் அடிபட்டது. செக்கிங் பொறுப்பாளர் என்ற முறையில் அக்காவிடமும் ஒரு படிவம் வந்தது. இவர் இந்தப் பொறுப்புக்குத் தயாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அக்கா இரண்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். மூன்றாம் நாள் ‘இல்லை’யில் டிக் அடித்து, கீழே ‘இன்னும் ஒரு வருடம் போகட்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தயார் என்று அவளுக்குத் தெரியும். தயாராக இல்லாதவள் அவள்தான்.

மறு வருஷம் யாரையும் கேட்காமலே சின்னவளைத் தேர்ந்தெடுத்தார்கள். கையோடு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்த கோப்பில் அந்தப் படிவமும் இருந்தது. அன்று சாயங்காலம் சின்னவள் அதைச் சமையல் மேடையில் வைத்தாள்.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா.”

வேறு எதையாவது அக்கா சொல்வாள் என்று அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள். பதினோராம் நாள் சின்னவள் கிளம்பிப் போனாள்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு பிறந்தநாளுக்கு ஒன்று, வருஷப் பிறப்புக்கு ஒன்று. இரண்டாம் வருஷம் அவள் நம்பர் மாறியது. புது நம்பர் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தது. போய் நின்றால் கொடுப்பார்கள். ஆனால் கூடப்பிறந்தவளின் நம்பரை ஆபீஸ் ஜன்னலில் கேட்டு வாங்கிக் கூப்பிடுவதா என்று அக்காவுக்கு மனம் கூசியது. அப்படியே, அவள் போய் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு வகையில் பார்த்தால் அந்த ஆறு வருஷமும் அவள் சின்னவளின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மீட்டிங் அறை மேசையின் நடுவில் இருக்கும் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அந்தக் குரல் வரும். பெட்டி வட்டமாக, கால் மடக்கி உட்கார்ந்திருப்பதால் எல்லாரும் அதை ஆமை என்பார்கள். தலைமை அலுவலகத்தில் ஐந்து தொழிற்சாலைகளின் தரத்தைப் பார்ப்பவள் சின்னவள். இங்கிருந்து மேனேஜர் பேசுவார். அக்கா பின்வரிசையில் எண்களை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சின்னவளின் இங்கிலீஷ் குரல் வீட்டுக் குரலைவிடத் தாழ்ந்திருந்தது, நிதானமாக இருந்தது. அங்கே அப்போது விடிகாலை. நடுநடுவே கொட்டாவியை அடக்குவாள். மற்றவர்களுக்கு அது ஒரு சின்ன இடைவெளி. அக்காவுக்கு மட்டும் அது கொட்டாவி என்று தெரியும்.

புது மேனேஜர் வந்து இரண்டாம் வருஷம் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் மேனேஜர் எல்லாருக்குமாகப் பேச வேண்டாம். அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளரே மூன்று நிமிஷம் தன் எண்களை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதற்குப் பயிற்சி, புதன், வெள்ளி நாலு மணிக்குக் கேன்டீனில். பிரிவுப் பொறுப்பாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சரக்கை வெளியே அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவுக்காரர், தொழிற்சாலையில் அக்காவுக்கு அடுத்த பழைய ஆள், வாய் ஓயாத மனுஷர், நாற்பத்தொன்பது வயதில் இது தேவையா என்று மூன்று நாள் புலம்பினார். அக்கா புது நோட்டு ஒன்று வாங்கினாள். வாரத்துக்கு மூன்று நிமிஷம் சின்னவள் அக்காவின் குரலைக் கேட்டாக வேண்டும், பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. அவள் மனத்தில் ஓடியது அது ஒன்றுதான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒல்லியான மனிதர். எப்போதும் மூக்கில் சளி. பலகையில் ஒரு கோடு போடுவார். அது ஏறும், இறங்கும், கொஞ்ச தூரம் நேராகப் போகும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வார்த்தை. ரோஸ், ஃபெல், ட்ராப்டு. மெதுவாக என்றால் கிராஜுவலி, கொஞ்சமாக என்றால் ஸ்லைட்லி, சரேலென்று என்றால் ஷார்ப்லி. உச்சிக்குப் போனால் பீக். ஒரு நிலையில் நில்லாமல் ஆடினால் ஃப்ளக்சுவேட். தலைகுப்புற விழுந்தால் ப்ளம்மெட்.

“ஏறினா ஏறிச்சு, இறங்கினா இறங்கிச்சு,” என்றார் டிஸ்பாட்ச்காரர். “இதுக்கு எதுக்கு சார் முப்பத்தாறு வார்த்தை?”

“எப்படி இறங்கிச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல சார். படியில இறங்கறதும் மொட்டைமாடியிலேருந்து விழறதும் ஒண்ணா?”

அதிலிருந்து டிஸ்பாட்ச்காரருக்கு ப்ளம்மெட் பிடித்துப் போயிற்று. டீயில் சர்க்கரை குறைந்தாலும் ப்ளம்மெட்தான்.

அக்கா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தனக்குத் தோன்றிய அர்த்தத்தைக் குறித்துக்கொண்டாள். லெவல்ட் ஆஃப்: ஏறி இறங்கி ஓய்ந்து ஒரே மட்டமாக நிற்பது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி முணுமுணுத்தாள். அடுப்படியில் முணுமுணுத்தாள். ஒரு நாள் கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டபோது, “ஸ்லைட்லி” என்று சொல்லிவிட்டாள். அவர் அப்படி ஒரு நிறுத்தம் இல்லையே என்று யோசித்தார்.

அவளைத் திணற வைத்தது பெரிய வார்த்தைகள் இல்லை, இரண்டே இரண்டு பொடி வார்த்தைகள். ஆறு வரைக்கும் ஏறியது என்றால் டு. ஏற்கெனவே இருந்ததோடு இன்னொரு ஆறு ஏறியது என்றால் பை. பயிற்சியாளர் மூன்று தடவை விளக்கினார். விளக்கும்போது புரிந்தது. கேன்டீன் கதவைத் தாண்டியதும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

முதல் செவ்வாய் வந்தது. தையல், சாயம், டிஸ்பாட்ச் ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். ஆமையிலிருந்து, “குட் மார்னிங், செக்கிங்,” என்றது சின்னவளின் குரல். அக்கா நோட்டை விரித்து வைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் நன்றாகவே போயிற்று. மூன்றாவதில், போன வாரம் நூற்றுக்கு நாலாக இருந்த ரிஜெக்ட் இந்த வாரம் ஆறாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

“ரிஜெக்ட்ஸ் ரோஸ் பை சிக்ஸ் பெர்சென்ட்,” என்றாள்.

 உடனே ஆமையிலிருந்து ஒரு ஆண் குரல் மடமடவென்று ஏதோ பேசியது. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலோடு ஆறு சேர்ந்தால் பத்து. எட்டைத் தாண்டினால் ஒரு பெட்டிகூடத் தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. எல்லாரும் தன்னையே பார்ப்பது அக்காவுக்குத் தெரிந்தது. ஏன் பார்க்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. டிஸ்பாட்ச்காரர் மேசைக்குக் கீழே விரல்களை விரித்து ஏதோ ஜாடை காட்டினார்.

“டு சிக்ஸ், ஆர் பை சிக்ஸ்?” என்றது சின்னவளின் குரல்.

அக்காவின் மண்டை துடைத்துவிட்ட பலகை போல ஆகிவிட்டது. இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்போது ஆமையிலிருந்து தணிந்த குரலில், தமிழில் கேட்டது.

“அக்கா, நாலுலேருந்து ஆறா, இல்ல நாலோட ஆறா?”

“நாலுலேருந்து ஆறு.”

“டு சிக்ஸ். தேங்க்யூ.”

அவ்வளவுதான். குரல் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது. மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் சிரித்தார். “பரவாயில்ல, அங்க இருக்கற மேடமும் உங்களை அக்கான்னுதான் கூப்பிடறாங்க.” அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவர் டிஸ்பாட்ச்காரர் ஒருத்தர்தான். அவர் படியிறங்கும் வரை வாயே திறக்கவில்லை, அதுவே பெரிய அதிசயம். கீழே வந்ததும் கேட்டார்.

“அவ கூப்பிட்டது வீட்டு அக்காவையா, ஃபேக்டரி அக்காவையா?”

“தெரியலையே,” என்றாள் அக்கா. அன்று முழுக்க அந்த ஒரு சொல்லை மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். கேட்கக் கேட்க அது இரண்டு பக்கமும் பொருந்தியது.

அதன்பிறகு அவள் டு, பை இரண்டையும் தப்பில்லாமல் கற்றுக்கொண்டாள். ஆனால் சின்னவள் மறுபடி தமிழில் பேசவில்லை. நாலாவது வாரம் அக்கா ஒரு காரியம் செய்தாள். தெரிந்தே, டு வர வேண்டிய இடத்தில் பை என்று சொன்னாள். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “டு,” என்று சின்னவள் பாட்டுக்குத் திருத்திவிட்டு மேலே போய்விட்டாள். அக்காவுக்குக் காது மடல்கள் சூடாகிவிட்டன. இந்த வயசில் இப்படி ஒரு புத்தியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பேச நேரம் வேண்டும் என்றால் எண்கள் மாற வேண்டும். ஏறினால் ஏன் ஏறியது என்று சின்னவள் கேட்பாள், காரணம் சொல்லலாம். அதற்காகவே காரணம் சொல்லும் வார்த்தைகளையும் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் மேசைப் பெண்களும் சும்மா இல்லை. அக்கா பேசுகிறாள், அக்காவுக்கு நல்ல எண் கொடுக்க வேண்டும் என்று தையல் பிரிவோடு மல்லுக்கட்டி, கோளாறுகளை அங்கேயே சரிபண்ண வைத்தார்கள். ரிஜெக்ட் ஐந்தாயிற்று, நாலாயிற்று, மூன்றில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். இப்போது அவள் சொல்ல இருந்தது ஒரே வாக்கியம்: மாற்றம் இல்லை, மூன்று. இருபது விநாடி. “எக்ஸலன்ட்,” என்று சின்னவள் சொல்வாள், அடுத்தவரிடம் போய்விடுவாள். சாயங்காலங்களில் பெண்கள் எல்லாரும் போன பிறகு அக்கா அந்தச் சிவப்புக் கூடையை எட்டிப் பார்ப்பாள். கால் கூடை ஜிப்தான் கிடக்கும். அதிகமாக இருக்கக் கூடாதா என்று தோன்றும். தோன்றியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே விளக்கை அணைப்பாள்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் எண்களை நேரடியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டியதுதான், அங்கே தானாகவே கோடு போட்டுக் காட்டிவிடும். செவ்வாய்க்கிழமை மீட்டிங் அடுத்த வாரத்தோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சியும் முடிந்தது. கடைசி வகுப்பில், சொந்த வாழ்க்கையிலிருந்து ஏறி இறங்கிய ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னார் பயிற்சியாளர். டிஸ்பாட்ச்காரர் எழுந்து தன் தலைமுடியைப் பற்றிச் சொன்னார். முப்பது வயது வரைக்கும் உச்சம், நாற்பது வரைக்கும் கிராஜுவலி, பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்ததும் ப்ளம்மெட். கேன்டீனே சிரித்தது. அக்கா தன் முறை வந்தபோது எழுதி எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் கலைந்த பிறகு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த பயிற்சியாளரிடம் போனாள்.

“சார், முன்னாடி ஒரு தடவை தப்பா எழுதிக் குடுத்துட்டேன், அதைத் திருத்தணும்னு சொல்றதுக்கு என்ன வார்த்தை?”

“எண்ணுலயா தப்பு?”

“எண்ணுல இல்ல. ஒரு படிவத்துல.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஐ வுட் லைக் டு கரெக்ட் அன் எர்லியர் ரிப்போர்ட். முன்பு கொடுத்த ஒரு அறிக்கையைத் திருத்த விரும்புகிறேன். அக்கா நாலு நாள் அதை வாயிலேயே வைத்திருந்தாள்.

கடைசிச் செவ்வாயன்று அவள் எண் அதே மூன்று. இருபது விநாடியில் முடித்தாள். சின்னவள் “எக்ஸலன்ட்,” என்றாள். அடுத்த பிரிவைக் கூப்பிடுவதற்குள் அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு இடத்திலும் இடறவில்லை.

“விச் வீக்?” என்றது சின்னவளின் குரல். எந்த வாரத்து அறிக்கை?

அக்கா வாரம் சொல்லவில்லை. வருஷமும் மாதமும் சொன்னாள், ஏழு வருஷத்துக்கு முந்தைய மாதம். அதற்கு மேல் பயிற்சியாளர் எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். ஒரு படிவம். தயார் இல்லை என்று எழுதினேன். அது தப்பு. அவள் தயாராகத்தான் இருந்தாள். எனக்கு அன்றைக்கே தெரியும்.

மேனேஜர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, எந்தப் படிவம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். டிஸ்பாட்ச்காரர் ஜன்னலைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். ஆமையில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. கொட்டாவிக்கான இடைவெளி இல்லை அது. பிறகு அந்த ஆண் குரல், என்ன படிவம் அது, எங்கே இருக்கிறது என்று கேட்டது.

“இட்ஸ் அன் ஓல்டு ஃபைல்,” என்றாள் சின்னவள். பழைய கோப்பு. “ஐ ஹேவ் இட்.” என்னிடம் இருக்கிறது. “நோட்டட். தேங்க்யூ, செக்கிங்.”

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “நோட்டட்னா என்ன?”

“குறிச்சுக்கிட்டேன்னு அர்த்தம்,” என்றார் டிஸ்பாட்ச்காரர்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா. ஆபீஸ்ல அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க.”

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அக்கா எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒரு நிமிஷ வேலை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மீட்டிங் அறை பூட்டியிருந்தது. மேசையில் பெண்களின் கைகள் ஜிப்களை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தன. பதினாலு பேர் ஒரே நேரத்தில் இழுக்கிற அந்தச் சத்தத்துக்கு அவள் காது எப்போதோ பழகிவிட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏனோ தாங்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலுக்குப் போய் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே போயிற்று. குறித்துக்கொண்டாள் அல்லவா, அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மனம் தேறவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அடுப்படியில் இருந்தபோது போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எடுத்தாள்.

“உன் நம்பர் மாறவே இல்லையா?” என்றது குரல். வீட்டுக் குரல்.

“மாத்தினா நீ எப்படிக் கூப்பிடுவே?”

அக்கா சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சின்னவள் அக்காவின் பழைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். பரவாயில்லை என்றாள் அக்கா. பின்பக்கக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டாள். மாற்றியாயிற்று என்றாள். அங்கே குளிரா என்று அக்கா கேட்டாள். குளிர்தான், ஆனால் வீட்டுக்குள் தெரியாது என்றாள் சின்னவள். அவள் தமிழ் அங்கங்கே நின்று நின்று வந்தது. ஒரு சொல் கிடைக்காமல் அவள் தடுமாறியபோது அக்கா எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.

“இந்த வருஷம் வர முடியாது,” என்றாள் சின்னவள். “லீவு இருக்கு. ஆனா வர முடியாதுன்னு தோணுது.”

“சரி.”

“கோபமா?”

“எனக்கென்ன கோபம்? நீ சொன்னதுக்குச் சரின்னேன்.”

“நான் போனதுக்கப்புறம் நீ எப்படி இருந்தே?”

அக்கா அடுப்பைப் பார்த்தாள். கொதி வந்து மூடி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிக் கை நீட்டித் தீயைக் குறைத்தாள்.

“நல்லாத்தான் இருந்தேன்னு சொல்லட்டுமா, நெஜத்தைச் சொல்லட்டுமா?”

அக்கா போனை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டாள்.

“நெஜத்தை அடுத்த வாரம் சொல்லு,” என்றாள் சின்னவள். “இன்னிக்கு எனக்குத் தாங்காது.”

“சரி.”

“வெக்கட்டுமா?”

“ம். வை.”

வைக்கும் சத்தம் உடனே வரவில்லை. அக்காவும் வைக்கவில்லை. இரண்டு பேரும் எதுவும் பேசாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.